எதிரியைக் குறித்த சொல் துணையைக் குறித்தது எப்படி? ஆங்கில 'வித்' கடந்துவந்த பாதை

ஆங்கிலத்தில் 'வித்' என்றால் 'உடன்', 'ஓடு' என்று ஆரம்பப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். 'கம் வித் மீ' என்றால் என்னோடு வா. இதுவரை குழப்பம் இல்லை. அப்புறம் வங்கிக்குப் போனால், போட்ட பணத்தை வெளியே எடுப்பதற்கு 'வித்டிரா' என்கிறார்கள். தர வேண்டியதைத் தராமல் நிறுத்திவைப்பது 'வித்ஹோல்ட்'. புயலையும் வெள்ளத்தையும் தாக்குப்பிடித்து நிற்பது 'வித்ஸ்டாண்ட்'. மூன்றிலும் 'வித்' இருக்கிறது. ஆனால் சேர்ந்திருப்பது என்ற பொருள் ஒன்றில்கூட இல்லை. ஒன்று விலக்கிக்கொள்வது, ஒன்று தடுத்துவைப்பது, ஒன்று எதிர்த்து நிற்பது.

இந்த மூன்றும் விதிவிலக்குகள் என்று இலக்கண வகுப்பில் ஒதுக்கிவிடுவது வழக்கம். உண்மையில் பழைய பொருளை விடாமல் காப்பாற்றி வைத்திருப்பவை இவைதான். 'வித்' என்ற சொல்லுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இருந்த முதன்மைப் பொருள் 'எதிராக'. இன்று 'அகெய்ன்ஸ்ட்' செய்கிற வேலையை அன்று 'வித்' செய்துகொண்டிருந்தது. எதிரியைச் சுட்டிய ஒரு சொல் எப்படித் துணையைச் சுட்ட ஆரம்பித்தது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள்

முதலாவது, பிரெபொசிஷன். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று, அதற்கும் வாக்கியத்தின் மற்றப் பகுதிக்கும் உள்ள உறவைச் சொல்லும் சிறு சொல் இது. தமிழில் இந்த வேலையை வேற்றுமை உருபுகளும் 'மேல்', 'பற்றி', 'வரை' போன்ற சொற்களும் செய்கின்றன. இவை பெயருக்குப் பின்னால் வரும். ஆங்கிலத்தில் முன்னால் வரும்.

இரண்டாவது, பழைய ஆங்கிலம். ஏறத்தாழ 5-ஆம் நூற்றாண்டில் தொடங்கி 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இங்கிலாந்தில் வழங்கிய மொழி இது. இன்றைய ஆங்கிலேயர் ஒருவரால் தனியாகப் படிக்காமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. இன்றைய ஆங்கிலத்தில் இல்லாத ஒன்று அதில் இருந்தது: தமிழைப் போலவே பெயர்ச்சொற்கள் வேற்றுமைக்கு ஏற்ப ஈறு மாறின. நம் கதைக்கு இது மிக முக்கியம்.

அந்தப் பழைய ஆங்கிலத்தில் 'உடன்' என்பதற்குத் தனிச் சொல் இருந்தது. அது 'மிட்'. ஜெர்மன் மொழியில் இன்றும் 'உடன்' என்பதற்கு 'மிட்'தான். டச்சு மொழியில் 'மெட்'. இந்த உறவு மொழிகள் எல்லாம் பழைய சொல்லையே வைத்திருக்கின்றன. ஆங்கிலம் மட்டும் அதைக் கைவிட்டு, 'எதிராக' என்ற பொருள் கொண்ட சொல்லைத் தூக்கி அந்த இடத்தில் உட்காரவைத்தது.

வேரில் இருப்பது பிரிவு

'வித்' என்பதன் வேரைத் தேடிப் போனால் பொருள் இன்னும் தள்ளிப் போகிறது. ஆங்கிலம், ஜெர்மன், லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் எல்லாம் கிளைத்த ஆதி மொழியை இந்தோ-ஐரோப்பிய மூலமொழி என்கிறார்கள். அதற்கு எழுத்துச் சான்று கிடையாது. கிளை மொழிகளை ஒப்பிட்டு மொழியியலாளர்கள் மீட்டெடுத்த வடிவங்கள்தான் உண்டு. அதில் 'வி' என்ற உறுப்புக்குப் பொருள் 'தனியாக, விலகி'.

இந்த 'வி' தமிழருக்குப் புதிதல்ல. யோகம் என்றால் சேர்க்கை, வியோகம் என்றால் பிரிவு. வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த 'வியோகம்' என்ற சொல்லின் தலையில் நிற்கும் 'வி' அதே உறுப்புதான். இரண்டு பக்கங்களை எதிரெதிராக நிறுத்திக் காட்டும் 'தெரோ' என்ற விகுதி இதோடு சேர்ந்தது. சமஸ்கிருதத்தில் இந்த விகுதி 'தர' ஆயிற்று. 'உத்தர' என்பதில் வருவது அதுதான். 'வி'யும் 'தர'வும் சேர்ந்த 'விதரம்' என்ற சொல்லும் அங்கே உண்டு. இன்னும் அப்பால் என்று பொருள்.

ஆங்கிலமும் ஜெர்மனும் அடங்கிய ஜெர்மானியக் கிளையில் இந்தக் கூட்டுச்சொல் 'வித்ர' என்றாகி, 'எதிராக' என்ற பொருளைப் பெற்றது. என்னிடமிருந்து அப்பால் இருப்பவன் எனக்கு எதிர்ப் பக்கத்தில் நிற்பவன் ஆகிறான். பொருள் நகர்ந்த வழி இதுதான். ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் 'வீடர்' என்றால் எதிராக. பழைய ஆங்கிலத்தில் இது குறுகி 'வித்' ஆனது.

ஆக, இன்று 'கூட' என்று பொருள்படும் சொல்லின் வேர்ப் பொருள் பிரிவு. இதைவிட நேர்மாறான மாற்றத்தை ஆங்கிலத்தின் சிறு சொற்களில் காண்பது அரிது.

தலைவலிக்கு 'எதிரான' மருந்து

பழைய ஆங்கில மருத்துவச் சுவடிகள் சில நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் மருந்துக் குறிப்புகள் பெரும்பாலும் 'வித்' என்றுதான் தொடங்கும். 'வித்' என்று போட்டு, அடுத்து நோயின் பெயர். தலைவலிக்கு எதிராக, பாம்புக்கடிக்கு எதிராக என்ற அர்த்தத்தில். இன்றைய ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் அதைத் 'தலைவலியோடு' என்று படித்துத் திகைப்பார்.

இவற்றில் பெயர் பெற்றது 'வித் ஃபேர்ஸ்டிச்செ' என்று தொடங்கும் குறிப்பு. திடீரென்று குத்தி இழுக்கும் வலிக்கு எதிரானது என்று பொருள். செவ்வந்திக் குடும்பத்துச் செடி ஒன்று, செந்நிறக் காஞ்சொறி வகை ஒன்று, வழியோரத்தில் முளைக்கும் ஒரு கீரை வகை, மூன்றையும் வெண்ணெயில் காய்ச்சச் சொல்லிவிட்டு, கூடவே ஓத வேண்டிய மந்திரத்தையும் தருகிறது. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தச் சுவடி இருக்கிறது.

871-ஆம் ஆண்டின் ஒரே பதிவில் போரும் சமாதானமும்

பொருள் எந்த இடத்தில் திரும்பத் தொடங்கியது என்பதைப் பார்க்க ஒரு நல்ல சான்று இருக்கிறது. ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு என்று ஒரு நூல். ஆண்டுவாரியாக நடந்தவற்றைப் பழைய ஆங்கிலத்திலேயே எழுதிவைத்த வரலாறு. 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில், தென் இங்கிலாந்தில் இருந்த வெசெக்ஸ் நாட்டு மன்னர் ஆல்ஃபிரெட் காலத்தில் தொகுக்கத் தொடங்கியது. அதில் 871-ஆம் ஆண்டுப் பதிவு முழுக்க டேனியப் படையோடு நடந்த சண்டைகள்.

மன்னர் எதெல்ரெடும் அவர் தம்பி ஆல்ஃபிரெடும் ஆஷ்டவுன் என்ற இடத்தில் அந்தப் படை முழுவதையும் எதிர்த்துப் போரிட்டார்கள் என்று ஒரு வரி. மூலத்தில் 'வித்' வருகிறது. இங்கே அதற்கு 'எதிர்த்து' என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை.

அண்ணன் இறந்து ஆல்ஃபிரெட் மன்னரான பிறகு வில்டனில் நடந்த போரைச் சொல்லும் வரி இன்னும் சுவையானது. ஆல்ஃபிரெட் சிறு படையோடு அந்தப் பெரும் படையை எதிர்த்தார் என்பது செய்தி. எதிரிப் படைக்கு முன்னால் 'வித்' நிற்கிறது. 'சிறு படையோடு' என்பதற்கோ எந்த பிரெபொசிஷனும் இல்லை. 'லிட்லெ வெரெதெ' என்று வேற்றுமை ஈறே 'ஓடு' என்பதைச் சொல்லிவிடுகிறது. இதே செய்தியை இன்றைய ஆங்கிலத்தில் எழுதினால் எதிரிக்கும் 'வித்', சொந்தப் படைக்கும் 'வித்' என்று போட முடியும். அன்று அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

அதே பதிவின் கடைசி வரி: அந்த ஆண்டில் வெசெக்ஸ் மக்கள் அந்தப் படையோடு சமாதானம் செய்துகொண்டார்கள். மூலத்தில் 'ஃப்ரித் வித் தோனெ ஹெரெ'. 'ஃப்ரித்' என்றால் சமாதானம், 'ஹெரெ' என்றால் படையெடுத்து வந்த சேனை. இங்கேயும் 'வித்'!

சமாதானத்தை எதிர்த்துச் செய்ய முடியாது. ஆனால் சமாதானத்துக்கும் எதிர்த்தரப்பு ஒன்று வேண்டும். சண்டை போட்டாலும் கைகுலுக்கினாலும் எதிரே ஒருவர் நிற்கிறார். அந்த எதிரே நிற்பவரைத்தான் 'வித்' சுட்டிக்கொண்டிருந்தது. பொருள் மாற்றத்துக்கான திறவுகோல் இந்த ஒரே பதிவில் கிடைத்துவிடுகிறது என்பது என் துணிபு.

எதிரிலிருந்து அருகுக்கு, அருகிலிருந்து கூட்டுக்கு

ஒரே நாளில் எந்தச் சொல்லும் நேர்மாறாகத் திரும்பாது. இடையில் படிகள் இருந்தன.

1. எதிரே இருப்பது அருகில் இருப்பதாகவும் ஆகும். ஓத்தெரெ என்ற நார்வே நாட்டுக் கடலோடி ஆல்ஃபிரெட் மன்னரிடம் தன் நாட்டைப் பற்றிச் சொன்ன விவரம் எழுத்தில் கிடைக்கிறது. நாட்டின் வடபகுதியில் மேலைக்கடலை ஒட்டித் தான் வாழ்ந்ததாகச் சொல்கிறார். 'ஒட்டி' என்பதற்கு அங்கே 'வித்'. கடலைப் பார்த்தபடி இருக்கும் வீடு கடலோரத்து வீடுதான். பகை இங்கே கழன்றுவிட்டது, நெருக்கம் வந்துவிட்டது.

2. இரு தரப்பு வேண்டிய வினைகள். சண்டை, பேச்சு, ஒப்பந்தம் எல்லாம் ஒருவரால் மட்டும் ஆகாதவை. ஒருவரிடம் பேசுவதற்கும் பழைய ஆங்கிலம் 'வித்' போட்டது. பேச்சில் எதிரே இருப்பவர் எதிரி இல்லை. அந்தச் செயலில் பங்காளி.

3. கொடுக்கல் வாங்கல். 991-இல் மால்டன் என்ற இடத்தில் நடந்த போரைப் பாடும் ஒரு பழைய ஆங்கிலக் கவிதையில், ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் வழியே படையெடுத்து வந்த வைக்கிங்குகளின் தூதன் பேரம் பேசுகிறான்: பொன்னைக் கொடுத்தால் அதற்கு ஈடாகப் போரை நிறுத்துகிறோம் என்று. 'பொன்னுக்கு ஈடாக' என்பதற்கு அவன் வாயில் வருவது 'வித்'. ஒன்றுக்கு எதிரே இன்னொன்றைத் தராசில் வைப்பது.

இவற்றில் இரண்டாவதுதான் பெரிய பாலம் என்று கருதுகிறேன். ஒரு சொல் வழக்கமாக 'சண்டை போட்டான்' பக்கத்தில் மட்டும் வந்தால் அது பகையில் நின்றுவிடும். பேச்சு, பேரம், உடன்பாடு பக்கத்திலும் வந்துகொண்டே இருந்தால், கேட்கிற குழந்தைகள் அதற்குச் 'செயலில் பங்கு கொள்ளும் மற்றவர்' என்ற பொருளைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதன் பிறகு, 'அவரோடு பயணம் போனான்' என்பதற்கும் அதையே பயன்படுத்தத் தடை ஏது?

தமிழை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 'ஓடு' தொடக்கத்திலிருந்தே சேர்க்கையைச் சொல்லும் உருபு. தொல்காப்பியம் மூன்றாம் வேற்றுமைக்குப் பெயராகவே 'ஒடு' என்பதைத்தான் வைக்கிறது. ஆனாலும் 'பகைவரோடு போரிட்டான்' என்கிறோம். 'அவனோடு சண்டை', 'அவனோடு ராசி' இரண்டுக்கும் அதே உருபு. லத்தீனிலும் 'கும்' என்ற 'உடன்' சொல்லைப் போட்டுத்தான் எதிரியோடு போரிட்டதைச் சொல்வார்கள். தமிழும் லத்தீனும் துணையிலிருந்து புறப்பட்டுப் பகைவரிடம் போய்ச் சேர்ந்தன. ஆங்கில 'வித்' பகைவரிடமிருந்து புறப்பட்டுத் துணைக்கு வந்தது. இரண்டு பயணமும் சந்திக்கும் இடம் ஒன்றே: இருவர் சேர்ந்தால்தான் நடக்கும் செயல்.

'மிட்' ஏன் மறைந்தது?

பழைய ஆங்கிலத்தில் 'வித்' மூன்று வேற்றுமைகளோடு வரும். பின்னால் நிற்கும் பெயர் எந்த ஈறு எடுத்திருக்கிறது என்பது பொருள் நிழலைப் பிரித்துக்காட்ட உதவியது. 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் இந்த ஈறுகள் தேய்ந்து உதிர்ந்தன. அதுவரை ஈறுகள் சுமந்த வேலையெல்லாம் பிரெபொசிஷன்களின் தலையில் விழுந்தது. ஏற்கெனவே பல பொருள்களில் புழங்கிய 'வித்' கூடுதல் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

வைக்கிங்குகளின் பங்கும் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் மொழியில் 'வித்' என்றே ஒலித்த உறவுச் சொல் இருந்தது. அதற்கு எதிராக, அருகில், உடன் என்று எல்லாப் பொருளும் உண்டு. ஆனால் அந்த மொழிகள் 'மிட்' என்பதன் உடன்பிறப்பான 'மெத்' என்பதையும் இழக்கவில்லை; ஐஸ்லாந்து மொழியில் இரண்டும் இன்றும் வாழ்கின்றன. அதனால் வெளியிலிருந்து வந்த தாக்கம் வேகம் கூட்டியிருக்கும், ஆனால் காரணம் ஆங்கிலத்துக்குள்ளேயே இருந்தது என்று சொல்வதுதான் பொருத்தம்.

மாற்றம் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் நடக்கவில்லை. 1340-இல் கேன்டர்பரி துறவி ஒருவர், டான் மிக்கேல் என்று பெயர், கென்ட் வட்டார வழக்கில் ஒரு சமய நூலை மொழிபெயர்த்தார். இந்த நூல் 'கென்ட் ஆங்கிலத்தால்' எழுதப்பட்டது என்று அவர் சொல்லும் இடத்தில் 'மிட்' என்றுதான் போடுகிறார். அரை நூற்றாண்டு கழித்து, லண்டன்காரரான கவிஞர் சாஸர் அதே கேன்டர்பரிக்குப் போகும் யாத்திரிகர்களைப் பற்றிக் கதைகள் எழுதுகிறார். தொடக்க வரிகளிலேயே, ஏப்ரல் மாதம் தன் இனிய மழையால் வறட்சியைத் துளைப்பதாகப் பாடுகிறார். 'மழையால்' என்பதற்கு அங்கே 'வித்'. 14-ஆம் நூற்றாண்டு முடியும்போது 'மிட்' ஏறக்குறையக் காணாமல் போய்விட்டது.

முழுக்க அழியவில்லை. பிரசவம் பார்ப்பவரை 'மிட்வைஃப்' என்கிறோமே, அதில் அந்தப் பழைய 'மிட்' உயிரோடு இருக்கிறது. 'வைஃப்' என்பதற்கு அன்று 'பெண்' என்று பொருள். பெண்ணுடன் இருப்பவர், அதாவது பிள்ளைப்பேற்றில் பெண்ணுக்குத் துணையாக இருப்பவர் மிட்வைஃப். இதை 'நடு' என்று பொருள்படும் 'மிட்'டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

'வித்' காலிசெய்த 'எதிராக' என்ற இடத்துக்கு 'அகெய்ன்ஸ்ட்' வந்தது. மறுபடியும் என்று பொருள்படும் 'அகெய்ன்' என்பதும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கடைசியில் உள்ள 'ட்' பின்னால் ஒட்டிக்கொண்ட ஒலி.

வென்ற பிறகு 'வித்' கொஞ்ச காலம் இன்றைய எல்லையையும் தாண்டிப் பரவியது. செயப்பாட்டு வினையில் செய்தவரைக் காட்ட இன்று 'பை' போடுகிறோம். ஷேக்ஸ்பியர் காலத்தில் 'வித்' போடுவதும் உண்டு. அவருடைய 'தி வின்டர்ஸ் டேல்' நாடகத்தில் ஒருவர் 'வித் எ பேர்' கிழிபட்டுச் செத்தார் என்று ஒரு வசனம் வருகிறது. கரடியால் என்று அர்த்தம்; கரடியோடு சேர்ந்து அல்ல.

பழைய பொருள் இன்றும் ஒளிந்திருக்கும் இடங்கள்

1. வித்டிரா, வித்ஹோல்ட், வித்ஸ்டாண்ட். 'வித்ஸ்டாண்ட்' பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. மற்ற இரண்டும் 1200-ஐ ஒட்டி எழுத்தில் தென்படுகின்றன. இவற்றில் 'வித்' என்பதற்கு எதிராக, பின்னுக்கு, விலக்கி என்று பொருள்.

2. வித்அவுட். டிக்கெட் எடுக்காமல் ரயில் ஏறுவதை நாமே 'வித்தவுட்' என்கிறோம். முதலில் இதன் பொருள் 'இல்லாமல்' அல்ல, 'வெளியே'. உள்ளே என்பது 'வித்இன்', வெளியே என்பது 'வித்அவுட்'. லண்டன் மாநகரில் ஃபாரிங்டன் வித்இன், ஃபாரிங்டன் வித்அவுட் என்று இரண்டு வட்டங்கள் இன்றும் இருக்கின்றன. பழைய நகர மதிலுக்கு உள்ளே இருந்த பகுதி, வெளியே இருந்த பகுதி என்பதே வேறுபாடு. ஒரு பொருளுக்கு வெளியே இருப்பவனுக்கு அந்தப் பொருள் இல்லை என்ற வழியில் 'இல்லாமல்' பிறந்தது.

3. நாட்வித்ஸ்டாண்டிங். சட்டம் படிப்பவர்களை அதிகம் திணறவைக்கும் சொல். லத்தீனில் 'தடையாக நிற்காமல்' என்று பொருள்படும் சட்டத் தொடரை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்தது. பகுத்துப் பார்த்தால் 'எதிர்த்து நிற்காமல்'. நாகாலாந்துக்குத் தனிப் பாதுகாப்பு தரும் அரசமைப்புச் சட்டப் பிரிவு 371ஏ இந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது. அரசமைப்பில் வேறு எங்கே என்ன சொல்லியிருந்தாலும் அது இந்தப் பிரிவை எதிர்த்து நிற்க முடியாது என்று அர்த்தம். சட்டத்தில் இந்தச் சொல் எங்கே வந்தாலும், மோதல் என்று வந்தால் எந்த விதி வெல்லும் என்பதைச் சொல்ல வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

4. கோப் வித். சமாளிப்பது என்று இன்று பொருள். 'கோப்' அடி என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 'கோப் வித்' என்றால் ஆரம்பத்தில் ஒருவரோடு அடிதடியில் இறங்குவது.

மொழிபெயர்ப்பில் இது எங்கே இடிக்கிறது?

நடைமுறையில் சிக்கல் வருவது 'ஃபாட் வித்' என்ற தொடரில். 'ஃபாட்' என்றால் போரிட்டது. 'பிரிட்டன் ஃபாட் வித் பிரான்ஸ்' என்று இருந்தால் இரண்டு வாசிப்புகள் உண்டு. நெப்போலியன் காலத்தைப் பற்றிய கட்டுரை என்றால் பிரான்ஸ் எதிரி. 1914-ஐப் பற்றியது என்றால் பிரான்ஸ் கூட்டாளி. வாக்கியத்தின் இலக்கணம் இதைச் சொல்லாது. சூழலைத்தான் பார்க்க வேண்டும்.

செய்தியை அவசரமாகத் தமிழாக்குபவர்கள் இங்கே 'பிரான்சுடன் போரிட்டது' என்று போட்டுவிடுகிறார்கள். தமிழ் 'உடன்' என்பதிலும் அதே இரட்டைப் பொருள் இருப்பதால் குழப்பம் அப்படியே வாசகரிடம் போய்விடுகிறது. எதிரி என்றால் 'பிரான்சை எதிர்த்து', கூட்டாளி என்றால் 'பிரான்சின் அணியில் நின்று' என்று பிரித்து எழுதிவிடுவது நல்லது. ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே கவனம் வேண்டும்: எதிரி என்றால் 'அகெய்ன்ஸ்ட்', கூட்டாளி என்றால் 'அலாங்சைட்'.

கருவியைக் காட்டும் 'வித்' வேறு வகையான தொல்லை. ஆங்கிலத்தில் நண்பரோடு வருவதற்கும் கத்தியால் வெட்டுவதற்கும் ஒரே 'வித்'தான். இன்றைய தமிழ் 'ஓடு', 'ஆல்' என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. 'ஹி சா தி மேன் வித் தி டெலஸ்கோப்' என்ற வாக்கியத்தில் தொலைநோக்கி யார் கையில் என்று ஆங்கிலம் சொல்வதில்லை. தமிழில் எழுதுபவர் 'தொலைநோக்கியால் பார்த்தான்' என்றோ 'தொலைநோக்கி வைத்திருந்த மனிதனைப் பார்த்தான்' என்றோ ஒரு முடிவுக்கு வந்தே ஆக வேண்டும்.